ஜன்னி கண்ட ஆளைத் தூங்கவிடாதீங்க

எங்கள் லயங்களில் காய்ச்சல்காரர் உளற ஆரம்பித்தால், பெரியவர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்: "ஜன்னி கண்டிருச்சு." அடுத்து என்ன செய்வது என்பதில்தான் வீட்டுக்கு வீடு வித்தியாசம். ஒருத்தர் ஆட்டோ பிடிக்க ஓடுவார். இன்னொருத்தர் மந்திரிக்க ஆள் கூப்பிடுவார்.

இதை அறியாமை என்று சிரிக்க நாங்கள் தயாரில்லை. ஆயுர்வேதத்தில் இது சந்நிபாதம். தெற்கே சிங்கள மக்கள் 'சன்னி யகும' சடங்கில் 18 நோய்ப் பேய்களுக்கு முகமூடி கட்டி ஆடுகிறார்கள். பைத்தியத்துக்கு ஒரு முகம், காது கேளாமைக்கு ஒரு முகம். காய்ச்சல் மூளையைத் தொடும் என்பதை எல்லாரும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

கிருமி மூளைக்குள்ளேயே போக வேண்டும் என்றில்லை. நெஞ்சுச் சளியோ, மூத்திரக் கடுப்போ, கால் புண்ணோ போதும். கிருமியோடு உடம்பு போடுகிற சண்டை எல்லை மீறி, சொந்த உறுப்புகளையே அடிக்கத் தொடங்கினால் அதுதான் செப்சிஸ். ரத்த அழுத்தம் விழுகிறது, மூளைக்குக் காவல் நிற்கிற ரத்தக்குழாய்ச் சுவர் கசிகிறது, ஆளுக்கு நாள் கிழமை மறக்கிறது. எல்லாரும் கத்த மாட்டார்கள். வயசானவங்க சும்மா சுருண்டு படுத்திருப்பாங்க. "அசதி, தூங்கட்டும்" என்று பனடோல் கொடுத்து விட்டுவிடுகிறோமே, உளறலைவிட அதுக்குத்தான் நாங்கள் பயப்படுகிறோம்.

2016இல் மருத்துவர்கள் மூன்று அடையாளங்களைச் சொன்னார்கள்: புத்தி தடுமாற்றம், நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல் மூச்சு, மேல் ரத்த அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழ். இரண்டு சேர்ந்தால் ஆபத்து. முதல் இரண்டையும் பார்க்க ஒரு கடிகாரம் போதும், மெஷின் வேண்டாம்.

மலைநாட்டில் உண்ணிக் காய்ச்சலும் உண்டு. ரிக்கெட்சியா என்ற அந்தக் கிருமி சின்ன ரத்தக்குழாய்களின் உள்சுவரையே பிடிக்கும். மூளையில் இருப்பதும் அதே குழாய்கள்தானே. பென்சிலின் வகை மருந்து இதற்குக் கேட்காது. டொக்சிசைக்ளின் சீக்கிரம் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். பிந்தினால் மூளைக்காய்ச்சல் வரலாம், காதும் மந்தமாகலாம். அதனால் அக்கரப்பத்தனையில் காட்டினாலும் நுவரெலியாவுக்கே போனாலும் இரண்டு விஷயத்தைக் கேட்காமலே சொல்லுங்கள்: "இவங்க கொழுந்து மலைக்குப் போறவங்க. நேத்து வரைக்கும் நல்லாப் பேசினாங்க." சிங்களத்திலும் சொல்லப் பழகி வைத்திருப்பது நல்லது. "கொஞ்சம் புத்தி சரியில்லாதவர்" என்று வார்டில் நினைத்துவிட்டால் நேரம் போய்விடும்.

பிழைத்து வந்த பிறகு நடப்பதை யாரும் பேசுவதில்லை. செப்சிஸில் தப்பிய வயோதிபர்களிடம் ஞாபகமும் யோசனையும் கடுமையாகக் குறைவதை 2010இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. கடுமையாகக் கிடந்தவர்களுக்குக் கை கால் நரம்புகள் தளர்ந்து, பலம் திரும்ப மாதக்கணக்காகலாம். துண்டில் "காய்ச்சல் சுகம்" என்று எழுதி அனுப்புவார்கள். திங்கட்கிழமை பெரட்டுக்குப் போன அக்காவுக்கு விரல் ஓடாது, கிலோ வராது, அரைப்பேர்தான் விழும்.