அமிர்தியில் லீவு... ஆனால் நாளை எண்ணுங்கள்!

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. சின்ன உயிரியல் பூங்கா, மழைக்காலத்தில் அருவி எனக் குடும்பத்தோடு ஒரு நாள் கழிக்க ஏற்ற இடம்.

ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் தொழில் கற்று, வெளிநாட்டில் சொந்தமாக கான்ட்ராக்ட் எடுத்து வேலை செய்பவரா நீங்கள்? லீவில் வந்தால் அருவியை நிதானமாக ரசியுங்கள். ஊரில் தங்கும் நாள்களை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் முதல் மார்ச் வரை மொத்தம் 182 நாள்களைத் தொட்டுவிட்டால், வருமான வரிச் சட்டப்படி நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். வெளிநாட்டில் சம்பாதித்ததற்கும் இங்கே வரி வரலாம். அங்கே வரி கட்டியிருந்தால் அதற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் உள்ள நாடென்றால் அது கைகொடுக்கும். பாஸ்போர்ட் முத்திரைகளோடு ஆடிட்டரை ஒருமுறை பார்த்துவிட்டால், அடுத்த லீவும் நிம்மதி!