ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராத வயிற்றுவலி!

காலை ஏழரை மணி ஆனால் போதும், வயிற்றுவலி வந்துவிடும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் அந்த அம்மாவுக்கு எட்டரைக்கு ஷிஃப்ட். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் யூனிஃபார்ம் போட்டு, ஒரு ஜடை பின்னி முடிக்கிற வரை நன்றாகத்தான் இருப்பாள். அடுத்த ஜடைக்கு ரிப்பனை எடுத்தால், "அம்மா, வயிறு வலிக்குது" என்று முனகல் ஆரம்பிக்கும். சில நாள் சாப்பிட்ட இட்லியும் வெளியே வந்துவிடும். ஸ்கூல் வேன் ஹாரன் அடித்துவிட்டுப் போன பத்தாவது நிமிடம், அதே பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து கலர் பென்சில் சீவிக்கொண்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வலிக்கு லீவு.

"நடிக்கிறா" என்றார் அப்பா. "கண்ணு பட்டுருச்சு" என்று மிளகாய் சுற்றிப் போட்டார் ஆத்தா. முதலில் போன கிளினிக்கில் ஸ்கேனும் யூரின் டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லை, நீங்க செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். ஒன்றுமில்லை என்பது நிம்மதிதான். ஆனால், மறுநாள் காலை ஏழரைக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எல்.கே.ஜி-யில் சேர்த்தபோதுகூட அழாத பிள்ளை அவள். முதல் நாளே டாட்டா காட்டிவிட்டு உள்ளே ஓடியவள், ஏழு வயதில் பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று "அம்மா, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரியில் அம்மாவின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டுதான் தூக்கம். ஐந்து வாரங்களில் அம்மாவுக்குப் பதினோரு நாள் சம்பளம் போனது. சூப்பர்வைசர், "ஆள மாத்திக்கட்டுமாம்மா?" என்று கேட்டேவிட்டார். அன்று சாயங்காலம் முதன்முறையாக மகளை அடித்தார். அடி வாங்கிய பிள்ளை விலகி ஓடவில்லை, அம்மாவின் காலையே கட்டிக்கொண்டாள். அதைச் சொல்லும்போது அவருக்கு இன்னமும் குரல் உடைகிறது.

கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் 14416 என்ற எண்ணைத் தந்தார். மத்திய அரசு 2022-ல் ஆரம்பித்த 'டெலி மானஸ்' மனநல உதவி எண். 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி மாடிப்படியில் உட்கார்ந்து பேசினார். அங்கே சொன்னபடி, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார். "பைத்தியக்கார டாக்டர்கிட்டயா?" என்று வீட்டில் ஒரு சண்டை. அது எல்லா வீட்டிலும் வருகிற சண்டைதான்.

டாக்டர் முதலில் ஸ்கூலைப் பற்றித்தான் கேட்டார். யாராவது அடிக்கிறார்களா, கிண்டல் செய்கிறார்களா, டாய்லெட் போகப் பயமா, கணக்கு டீச்சர் எப்படி? எல்லாவற்றுக்கும் பிள்ளை தலையாட்டினாள். அடுத்து, "ஞாயித்துக்கிழமை நீங்க மட்டும் எங்கயாவது போயிருக்கீங்களா?" என்று அம்மாவிடம் கேட்டார். ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் வயிறு வலித்திருக்கிறது! இத்தனை நாளும் யாருக்கும் அது தோன்றவே இல்லை. பயம் பள்ளிக்கூடத்தின் மேல் இல்லை, அம்மா கண்ணில் இருந்து மறைவதன் மேல்.

பிரிவுப் பதற்றம் என்று இதற்குப் பெயர். 'செப்பரேஷன் ஆங்சைட்டி' என்பார்கள். எட்டு மாதக் குழந்தை அம்மா எழுந்து போனால் வீறிட்டு அழுவது வளர்ச்சியின் ஓர் அங்கம். பெரும்பாலும் மூன்று வயதுக்குள் தானாக அடங்கிவிடும். வயதுக்குப் பொருந்தாத அளவில், நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்து, படிப்பையும் தூக்கத்தையும் கெடுக்கும்போதுதான் அதைக் கோளாறு என்று டாக்டர்கள் பார்க்கிறார்கள். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிடும் என்ற ஓயாத கவலை, தனியே தூங்க மறுப்பது, பிரிகிற நேரத்தில் வாந்தி, தலைவலி... எல்லாம் இதன் அடையாளங்கள். வலி நடிப்பு இல்லை. பயந்தால் பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்குகிறதே!

"பாப்பா, இதுக்கு முன்னாடி அம்மாவை விட்டு இருந்திருக்கியா?"

நவம்பரில் அம்மாவுக்கு டெங்கு. தட்டணுக்கள் குறைந்து, ஒரு ராத்திரி அவசரமாக அட்மிட் ஆனார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வாசம். பிள்ளையைக் காங்கேயத்தில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். குரல் கேட்டால் அழுவாள் என்று போனிலும் பேச வைக்கவில்லை.

"கிளம்பும்போது அவகிட்ட என்ன சொன்னீங்க?"

அம்மா பதில் சொல்வதற்குள் பிள்ளை சொன்னாள்: "கடைக்குப் போயிட்டு வந்தர்றேன்னு சொன்னாங்க."

நம் வீடுகளில் இந்தப் பொய்யைச் சொல்லாதவர்கள் யார்? பராக்குக் காட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவுவதை ஒரு சாமர்த்தியமாகவே சொல்லித் தருகிறோம். அந்த நேரத்து அழுகை மிச்சமாகும், உண்மைதான். ஆனால், ஏழு வயதுக்காரியின் கணக்கில், கடைக்குப் போன அம்மா ஒன்பது நாள் கழித்து, கையில் ஊசி போட்ட பிளாஸ்திரியோடு திரும்பி வந்தார். அதற்கப்புறம் அம்மா எங்கே கிளம்பினாலும் அவள் எப்படி நம்புவாள்?

மாத்திரை தேவைப்படவில்லை. சிலருக்குத் தேவைப்படும், அது டாக்டரின் முடிவு. இவளுக்குக் கொடுத்தது ஒரு படிக்கட்டு. முதலில் ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று மகளிடம் மறைக்காமல் சொன்னார் அம்மா, பொய் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டார். பிறகு ஹெட்மிஸ்ட்ரஸ் அனுமதியோடு மூன்று நாள் வகுப்பு வராண்டாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அடுத்த மூன்று நாள் ஆபீஸ் ரூம். அப்புறம் கேட் வரை. வயிறு வலித்தாலும் ஸ்கூலுக்குப் போக வேண்டும். காய்ச்சல் என்றால் மட்டும் வீடு. ஏனென்றால், வீட்டில் நிறுத்துகிற ஒவ்வொரு நாளும் 'நீ பயந்தது சரிதான்' என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது. கிளம்பும்போது ஒரே ஒரு முத்தம், எத்தனை மணிக்கு வருவேன் என்ற ஒரே வாக்கு. திரும்பிப் பார்க்கக் கூடாது. பழைய சேலையில் கிழித்த ஒரு துண்டு, கர்ச்சீப்பாகப் பையில்.

கஷ்டப்பட்டது யார் என்றால், அம்மாதான். கேட் வரை வந்துவிட்டுக் கம்பெனிக்குப் போனவர், மூன்று முறை ஸ்கூலுக்கு போன் போட்டு, "அழுவுறாளா?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த முறை இதைக் கேட்ட டாக்டர், "பதற்றம் உங்களுக்கும் இருக்குங்கம்மா" என்றார் மெதுவாக. பெரியவர்களுக்கும் இது வரும் என்பதை 2013-ல் வந்த டி.எஸ்.எம்-5 கையேடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒன்பது நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலில், தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளை என்ன ஆவாள் என்று விட்டத்தைப் பார்த்துக் கிடந்தவர் அவர். அதை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னார். போன் ஒன்றாகக் குறைந்தது, பிறகு நின்றது.

நடுவில் சறுக்கலும் உண்டு. பொங்கல் லீவு முடிந்த மறுநாள் மறுபடியும் வாந்தி, வராண்டா நாற்காலி. ஆனால், இந்தத் தடவை இரண்டே நாள்.

பிப்ரவரியில் ஒருநாள் ஷிஃப்டுக்கு நடுவே பர்மிஷன் போட்டுக் கிளம்பிய அம்மாவின் ஸ்கூட்டி, வழியில் பஞ்சர். நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். தள்ளிக்கொண்டே ஓடி கேட்டை அடைந்தபோது நாலு பதினெட்டு. ஆயாம்மாவின் ஸ்டூலில் உட்கார்ந்து, கர்ச்சீப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள் மகள். கண் கலங்கியிருந்தது, அழவில்லை.

"பதினெட்டு நிமிஷம் லேட்டு" என்றாள். "என்னாச்சு, நிஜத்தைச் சொல்லு."

அம்மா டயரைக் காட்டினார். அவள் குனிந்து, விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.