காக்கை அலகு

தோள் கழல்வதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். எனக்கு முதல் தடவை 19 வயதில், வாலிபால் ஆடும்போது கழன்றது. அப்புறம் பஸ் கம்பியைப் பிடிக்கும்போது, சட்டை மாட்டும்போது, ஒருநாள் தூக்கத்தில் புரளும்போதும். "பரண் பக்கம் கையைத் தூக்காதடா" என்று அம்மா கத்திக்கொண்டே இருப்பார்.

தோள் மூட்டின் கிண்ணம் ஆழமே இல்லாதது. கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிவது அதனால்தான். சுலபமாக நழுவுவதும் அதனால்தான். கிண்ணத்தைச் சுற்றி லேப்ரம் என்று ஒரு வளையம் உண்டு. எலும்பு முன்பக்கமாக நழுவும்போது அது கிழிந்துவிடும். இந்தக் கிழிசல்தான் வினை என்று லண்டன் சர்ஜன் பேங்கார்ட் 1923இல் எழுதினார். இன்று சின்னத் துளைகள் வழியாகவே அதைத் தைத்துவிடுகிறார்கள்.

எனக்கு அது போதவில்லை. கழன்று கழன்று கிண்ணத்தின் முன்விளிம்பே தேய்ந்துபோயிருந்தது. "விளிம்பு போன தட்டு தம்பி இது. தைச்சா நிக்காது" என்றார் டாக்டர். மிச்சமிருந்தது, பிரெஞ்சு சர்ஜன் லடார்ஜே 1954இல் சொன்ன வழி. தோள்பட்டை எலும்பிலிருந்து முன்னால் நீண்டிருக்கும் கொக்கியைத் தசைநாரோடு வெட்டியெடுத்து, தேய்ந்த இடத்தில் வைத்து ஸ்குரூ முடுக்குவார்கள். எலும்பு விளிம்பாகும், கையைத் தூக்கித் திருப்பும்போது தசைநார் தூளி மாதிரி முன்னால் நின்று தாங்கும். அந்தக் கொக்கியின் பெயர் கோரகாய்டு. கிரேக்கத்தில் காக்கையைப் போன்றது என்று அர்த்தம். அலகு மாதிரி வளைந்திருப்பதால்.

"திரும்ப ஸ்மேஷ் அடிக்கலாமா சார்?"

"கழலுறதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆனா கை வெளிப்பக்கம் திரும்புறது கொஞ்சம் குறையலாம்."

அந்தக் கொஞ்சத்தில்தான் என் ஸ்மேஷ் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். இப்போது மற்றவர்கள் அடிக்கப் பந்து தூக்கிக் கொடுக்கிறேன்.

ஹிப்போகிரட்டீஸ் காலத்தில் இதற்கு வைத்தியம், பழுத்த இரும்பால் அக்குளில் சூடு. தழும்பு இறுகி மூட்டைப் பிடித்துக்கொள்ளும் என்று கணக்கு. இதனால் நல்ல வீரர்கள்கூடக் களத்தை விட்டுப் போனார்கள் என்று அந்த நூல் சொல்கிறது. அதைப் படித்தபோது யாரோ தோளில் கை வைத்தது போலிருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு சோதனை செய்வார்கள். முழங்கையை மடக்கி, கையை மெதுவாக வெளியே திருப்புவார்கள். தோள் கழல வேண்டியதில்லை. கழன்றுவிடுமோ என்ற பயம் முகத்தில் தெரிந்தாலே போதும். டாக்டரின் கை என் தோளில் இருக்கும், கண் என் முகத்தில். ஆறாவது மாத எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டியிருந்தது. என் முகம் தேறுவதற்கு இன்னும் ஒரு வருஷம் ஆனது.