மஞ்சள் கடிதமும் மானமும்

"மஞ்சள் கடிதம் கொடுத்துவிட்டான்!" தேநீர்க் கடையிலே இந்தச் சொல் விழுந்ததும் குரல்கள் தாழ்கின்றன, தலைகள் நெருங்குகின்றன, எங்கோ ஒரு குடும்பத்தின் மானம் ஏலத்துக்கு வந்துவிடுகிறது. என்ன குற்றம் செய்தான் அந்த மனிதன்? களவாடினானா? கலப்படம் செய்தானா? இல்லை. "வாங்கிய கடனைத் தீர்க்க என்னால் இயலவில்லை, இருக்கும் உடைமையை எடுத்து, கடன் கொடுத்தோருக்கு முறைப்படி பங்கிடுங்கள்" என்று நீதிமன்றத்திலே விண்ணப்பம் கொடுத்தான். சட்டம் அதனை நொடிப்பு மனு என்கிறது. சமூகமோ நாணயக்கேடு என்கிறது. கையூட்டு வாங்கியவனுக்குப் பரிவட்டம். கணக்கைத் திறந்து காட்டியவனுக்கு முக்காடு! விந்தையான நீதியன்றோ இது!

இந்த முக்காட்டினால் இலாபம் யாருக்கு? எண்ணிப் பார்த்ததுண்டா, தோழர்களே? எண்ணிப் பார்க்கும் நிலைமை எனக்குக் கும்மிடிப்பூண்டியிலே ஏற்பட்டது.

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது கும்மிடிப்பூண்டி சிப்காட். இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் அங்கே உண்டு. அவற்றின் நிழலிலே சிறு பட்டறைகள் பல உண்டு. ஆலை வரைபடம் தரும். பட்டறை கடைந்து, துளையிட்டு, மெருகேற்றித் தரும், பில் கொடுக்கும், பிறகு காத்துக் கிடக்கும். கவரைப்பேட்டைப் பக்கம் என் தாய்மாமன் நடத்தி வந்தது அத்தகைய பட்டறை: இரண்டு லேத்து, ஒரு துளையிடும் எந்திரம், நான்கு தொழிலாளர். 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு, 2017 ஜூலையில் சரக்கு-சேவை வரி, 2020 மார்ச்சில் ஊரடங்கு. மூன்று அடிகளையும் தாங்கினார். தாங்க முடியாமற் போனது, பெரிய ஆலையொன்று வைத்த பாக்கி. 11 இலட்சம் ரூபாய். 200 நாளுக்கு மேலாகியும் வரவில்லை.

வீட்டை ஈடு வைத்து வாங்கிய வங்கிக் கடனுக்குத் தவணை நின்றது. தொழிலாளர் கூலிக்காக 3 இலட்சம் ரூபாயை அஞ்சு வட்டிக்கு வாங்கினார். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் என்றால் ஆண்டுக்கு 60 விழுக்காடு! மாதம் 15,000 வீதம் 30 மாதம் கட்டினார். கட்டியது நாலரை இலட்சம். அசலோ அப்படியே நின்றது. போதாக்குறைக்கு, தொகை எழுதாமல் கையெழுத்திட்ட காசோலைகள் வட்டிக்காரர் பெட்டியிலே!

2022-ஆம் ஆண்டின் இடையில் அத்தை எனக்குச் சொல்லியனுப்பினார். "தம்பி, மாமா இரவெல்லாம் தூங்குவதில்லை. தனியே விடப் பயமாக இருக்கிறது" என்றார். நான் ஓடினேன். அதற்குள் மாமா சோதிடரைப் பார்த்து வந்திருந்தார். ஏழரைச் சனியாம்! பரிகாரம் செய்ய வேண்டுமாம்! அதற்கும் கைமாற்று வாங்கியிருந்தார். கடன் தீரக் கடன் வாங்கிப் பரிகாரம்! கோள் எங்கோ தன் பாதையிலே போய்க்கொண்டிருக்கிறது; பாக்கி வைத்த ஆலையோ நாலு கல் தொலைவிலே புகை விட்டுக்கொண்டிருக்கிறது. சனியைத் தேடினார்களே ஒழிய, ஆலைக்கு ஒரு அறிவிப்புக் கடிதம் எழுத யாருக்கும் தோன்றவில்லை.

சோதிடருக்கு அடுத்து வந்தார் ஒரு தரகர். "அரை ஏக்கர் நிலத்தை மைத்துனர் பெயருக்கு எழுதிவிடு. மஞ்சள் கடிதம் கொடு. மூன்று மாதத்தில் கடனெல்லாம் காற்றாகப் பறந்துவிடும். முன்பணம் 60,000, ரொக்கமாக" என்றார். முன்னவர் விதியைக் காட்டினார். பின்னவர் வித்தை காட்டினார். "மாமா, இருவரையும் விடுங்கள். வழக்கறிஞரைப் பார்ப்போம்" என்றேன். "மாப்பிள்ளை, கோர்ட்டு வாசல் ஏறினால் ஊரில் தலைகாட்ட முடியுமா?" என்று கேட்டார். அதுதான் முக்காடு! கடன் அவரை அழுத்தியதைவிட அந்தக் கேள்வியே அதிகமாக அழுத்தியது.

சென்றோம் பொன்னேரிக்கு. வழக்கறிஞர் ஒரு பெண்மணி. வெள்ளைத் தாளை மேசைமீது வைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்டார். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும்? எந்தெந்தத் தாளில் கையெழுத்திட்டீர்கள்? உங்களுக்குத் தர வேண்டியவர்கள் யார்? மூன்றாவது கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கடனாளி என்றே தம்மை எண்ணி எண்ணிக் குமைந்த மாமா, தாமும் ஒரு கடன் கொடுத்தவர் என்பதை அன்றுதான் உணர்ந்தார். "ஐயா, நீங்கள் கடனாளி, குற்றவாளி அல்ல. இரண்டும் வேறு" என்றார் அந்த அம்மையார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு சட்டத்தை விளக்கினார். நிறுவனங்கள் நொடித்தால் 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு, திவால் சட்டத் தொகுப்பின்படி தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் செல்லலாம். தனி உடைமைப் பட்டறைக்காரருக்கு அந்த வழி அன்று திறக்கப்படவில்லை. அவருக்கு இருந்தது வெள்ளையராட்சியில், 1920-இல் இயற்றிய மாகாண நொடிப்புச் சட்டம். அதிலே பாதுகாப்பும் உண்டு, பள்ளமும் உண்டு. கைது செய்யாதபடி நீதிமன்றம் காப்பு அளிக்கலாம். சொத்து ரிசீவர் கைக்குச் சென்று, கடன் கொடுத்தோருக்குப் பங்கிடப்படும். இறுதியில் விடுவிப்பும் பெறலாம். ஆனால், வீட்டை ஈடாகப் பெற்ற வங்கியை அது தடுக்காது. மனுவுக்கு முந்தைய இரண்டாண்டுக்குள் உறவினர் பெயருக்குச் சும்மா எழுதி வைத்த நிலத்தை நீதிமன்றம் திருப்பிவிடலாம். சொத்தை மறைத்தால் சிறை. விடுவிப்புக் கேட்டு உரிய காலத்தில் மனுச் செய்யாவிட்டால், நொடித்தவர் என்ற அறிவிப்பே நீக்கப்பட்டு, பழைய கடன் பழையபடி வாசலுக்கு வரும். காசோலை வழக்கோ தனி வழக்கு. தரகர் சொன்ன வித்தை, மாமாவைக் குழியிலிருந்து கிணற்றுக்குக் கொண்டுபோயிருக்கும்!

"ஆகவே மஞ்சள் கடிதம் கடைசி மருந்து, முதலில் வேறு மருந்துகள் உண்டு" என்றார். சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி. ஆலைக்கு அறிவிப்புப் போயிற்று. வங்கி ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றுமுன், 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் அறிவிப்புத் தர வேண்டும். மறுப்பு எழுதினால் 15 நாளில் பதில் தர வேண்டும். கைப்பற்றும் நடவடிக்கை தொடங்கினால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அஞ்சு வட்டிக்கு எதிரே நின்றது 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம். மூன்றாண்டு வரை சிறை விதிக்க அது இடம் தருகிறது. காசோலை பற்றி மட்டும் இனிப்பாகப் பேசவில்லை. "தொகை எழுதாத காசோலை என்பதாலேயே தப்ப முடியாது. வழக்கறிஞர் அறிவிப்பு வந்தால் 15 நாள்தான் தவணை; அன்றே என்னிடம் வாருங்கள்" என்று எச்சரித்தார்.

கட்டணத்தையும் முதல் நாளே தாளில் எழுதித் தந்தார், தவணையாகப் பெற்றார், இரசீது கொடுத்தார். இத்தனை ஆண்டாக வழக்கறிஞர் என்றாலே அஞ்சும் நம் மக்கள் அறிய வேண்டியது இது. வெற்றிபெற்றால் இத்தனை பங்கு என்று கட்டணம் பேச வழக்கறிஞர் மன்ற விதிகள் இடம் தரவில்லை. கட்டணத் தகராறு என்று கட்சிக்காரரின் தாள்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கேள்வி கேட்டால் சினம் கொள்பவர், கணக்கைப் பாராமலே வெற்றி உறுதி என்பவர், பொய்ப் பத்திரம் எழுதச் சொல்பவர். இவர்கள் கறுப்பு அங்கி அணிந்த சோதிடர்கள்! வழக்கறிஞரை வணங்க வேண்டாம், வினவுங்கள்.

முடிவு என்ன? பெருவெற்றி என்று முரசறைய மாட்டேன். ஆலை, பாக்கியில் பெரும் பகுதியைக் கொடுத்தது. பெரிய லேத்தையும் அரை ஏக்கரையும் நேரிய முறையில் விற்று வங்கி நிலுவையைக் கட்டினார். புகாருக்குப் பிறகு வட்டிக்காரரின் ஆட்கள் வாசலில் நின்று கூவுவது நின்றது. மாமா இன்று வேறொருவர் பட்டறையில் கூலிக்கு லேத்து ஓட்டுகிறார். வீடு இருக்கிறது; அவரும் இருக்கிறார். அத்தை தூங்குகிறார்.

இயலாமையைக் குற்றமாக்கிய நாடுகள் உலகிலே பல. இலண்டனில், 1824-இல், ரொட்டிக்கடைக் கடனுக்காக மார்ஷல்சி சிறையில் அடைபட்டார் ஒருவர். அவருடைய பன்னிரண்டு வயது மகன், காலணி மை தயாரிக்கும் கிடங்கிலே வேலைக்குப் போனான். அந்தச் சிறுவன்தான் சார்லஸ் டிக்கன்ஸ். 1869-இல் பிரிட்டன் அந்த வழக்கத்தைப் பெரும்பாலும் ஒழித்தது. நம் சென்னையில், 1906 அக்டோபரில், அர்பத்நாட் நிறுவனம் கதவடைத்தது. ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு மண்ணாயிற்று. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. அது நொடித்ததற்காக அன்று, மோசடிக்காக! மோசடி வேறு, முடியாமை வேறு என்ற அந்தக் கோட்டை 1980-இல் உச்சநீதிமன்றம் அழுத்தந் திருத்தமாக வரைந்தது. ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கிலே நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், வசதியிருந்தும் வஞ்சகமாகக் கொடுக்க மறுப்பவனையே சிறைக்கு அனுப்பலாம், வறுமை குற்றமாகாது என்று தீர்ப்புரைத்தார். தொழிலாளியின் கருவி, சமையற் பாத்திரம், உடுதுணி, படுக்கை இவற்றைக் கடனுக்காக ஜப்தி செய்யக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சொல்கிறது.

சட்டம் இப்படி இருக்க, 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்திலே, கந்துவட்டிக் கொடுமை தாளாமல் ஒரு கூலித் தொழிலாளியும் மனைவியும் இரு குழந்தைகளும் தீக்கு இரையாயினர். கந்துவட்டித் தடைச் சட்டம் பிறந்து அப்போது 14 ஆண்டு ஆகியிருந்தது! ஏட்டிலே இருக்கும் சட்டம் வீட்டுக்கு நடந்து வராது. அதைக் கொண்டுவர மனிதர் வேண்டும். வெட்கமோ அந்த மனிதரைத் தேட விடுவதில்லை. முக்காட்டினால் இலாபம் யாருக்கு என்று கேட்டேனே, விடை இதுதான்: வெளியே சொல்ல வெட்கப்படுபவனிடம்தான் அறுபது விழுக்காடு வட்டி வாங்க முடியும்.

கும்மிடிப்பூண்டியிலும் கவரைப்பேட்டையிலும் திருவள்ளூரிலும் படிப்பகம் நடத்தும் இளைஞர்களே! உங்கள் சுவரில் ஒரு பலகை எழுதுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன்படி, பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு; மற்றவர்க்கும் வருமான வரம்புக்கு உட்பட்டு உண்டு. தொலைபேசி எண் 15100. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உலையருகே வேகும் தோழர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் மொழியிலும் எழுதுங்கள். பலகைக்கு அடியில், "கடன் பாவமன்று, கணக்கு; கணக்கறிந்தவரிடம் காலத்தில் செல்க" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதைப் படித்துவிட்டு ஒரு மனிதன் தண்டவாளத்தின் பக்கம் போகாமல் நீதிமன்றத்தின் பக்கம் திரும்புவானானால், பகுத்தறிவு அன்று தன் வேலையைச் செய்தது என்று கொள்ளலாம்.