சம்பா முடியட்டும்

என் மனைவி இலங்கைக்காரி. அவளுக்கு இந்தியக் குடியுரிமை இல்லை, எங்கள் பெண்ணுக்கும் இல்லை. 'டெல்லியில போட்ட சட்டம் அப்படி' என்று ஒரத்தநாட்டு டீக்கடைகளில் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறேன். கேட்டவர்களும் என்னோடு சேர்ந்து டெல்லியைத் திட்டியிருக்கிறார்கள். சட்டம் அப்படித்தான், அதில் பொய்யில்லை. ஆனால் அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒரு வழி இருந்தது. எனக்குத் தெரிந்திருந்தும் அவளிடம் சொல்லவில்லை.

1990 ஜூனில் அங்கே சண்டை மறுபடி மூண்டபோது மன்னார்ப் பக்கமிருந்து படகேறி ராமேசுவரம் வந்த குடும்பம் அவளுடையது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு திருச்சி கொட்டப்பட்டு முகாமுக்கு அனுப்பினார்கள். முகாம் ஆண்கள் பலருக்குப் பெயிண்டிங்தான் பிழைப்பு. அவள் அண்ணன் எங்கள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்த வகையில் பழக்கமாகி, 2008-ல் கோயிலில் தாலி கட்டினேன். ரிஜிஸ்டர் செய்யவில்லை. மறு வருஷமே தமிழ்நாட்டில் எல்லாத் திருமணத்தையும் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்போதும் செய்யவில்லை.

இந்தியரைக் கல்யாணம் செய்த வெளிநாட்டவர், ஏழு வருஷம் இங்கே குடியிருந்தால் குடியுரிமை கேட்டு மனுப் போடலாம். 1955-ம் வருஷச் சட்டத்தின் 5-வது பிரிவிலேயே இருக்கிறது. 'சட்டவிரோதக் குடியேறி' மட்டும் கேட்க முடியாது. பாஸ்போர்ட் இல்லாமல் உள்ளே வந்த எல்லாரும் அந்தக் கணக்கு, குண்டுக்குப் பயந்து தாயின் இடுப்பில் வந்த குழந்தை உட்பட. பிள்ளைகளுக்கு இன்னொரு முடிச்சு. 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த குழந்தைக்குத் தகப்பன் இந்தியனாக இருந்தால் போதாது, தாய் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தார்கள், அதுவும் முஸ்லிம்களை விட்டுவிட்டு. இலங்கை அந்தப் பட்டியலிலேயே இல்லை.

அந்த 2019 திருத்தம் தவிர மற்றதையெல்லாம் 2010-லேயே தஞ்சாவூரில் ஒரு வக்கீல் எனக்கு விளக்கினார். விளக்கிவிட்டு, சும்மா இருக்காமல், வழியும் சொன்னார். கல்யாணத்தைப் பதியுங்கள். சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் அந்தம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுங்கள். வெளியேற அனுமதி வாங்கி ஊருக்குப் போகட்டும். அங்கிருந்து இந்தியரின் மனைவி என்று விசா கேட்டு, முத்திரையோடு திரும்பி வரட்டும். அன்றிலிருந்து அவங்க சட்டப்படி வந்தவங்க, ஏழு வருஷக் கணக்கும் அன்றிலிருந்து ஓடும். "விசா கட்டாயம் குடுப்பாங்கன்னு நான் எழுதித் தர முடியாது. ஆனா வேற வழி இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: "என்னப்பா, வக்கீல் என்ன சொன்னவர்?"

"ஒரு வழியும் இல்லையாம்" என்றேன்.

யோசித்து முடிவெடுத்துச் சொன்ன பொய் இல்லை அது. வாயில் தானாக வந்தது. மறுநாள் திருத்தியிருக்கலாம். அந்த வருஷம் முழுக்கத் திருத்தியிருக்கலாம். டெல்டாவில் ஒன்றைத் தள்ளிப்போடுவதற்குக் காரணம் தேடவே வேண்டியதில்லை. மேட்டூர் திறக்கட்டும், குறுவை நடவு முடியட்டும், சம்பா முடியட்டும், கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் ஏறட்டும், என் உரக்கடைப் பாக்கி வசூலாகட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து தென்னையெல்லாம் சாய்ந்தபோது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இனி இரண்டு வருஷத்துக்கு யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது.

பயம்தான் காரணம் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். போர் முடிந்தபின் அவள் தாயும் தம்பியும் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு ஊர் திரும்பிவிட்டார்கள். இவளும் போனால் அங்கேயே இருந்துவிடுவாளோ என்ற பயம். அது உண்மைதான், ஆனால் அது மட்டுமில்லை. போக இடமில்லாத மனைவி எனக்கு வசதியாக இருந்தாள். ஒரு சண்டையில், "போறதுன்னா போ, எங்க போவ?" என்று கேட்டிருக்கிறேன், பதில் தெரிந்துகொண்டே. முகாம் பதிவில் அவள் பெயர் இருந்ததால், ஆட்களைச் சரிபார்க்கும் தணிக்கை நாளில் பைக்கில் கூட்டிப்போய் விடுவேன். ஊரில் அதற்கு எனக்கு நல்ல பெயர். அகதி என்று அவளுக்கு வந்த அரசுப் பணக்கொடையில் கடைக்கடன் கட்டிய மாதங்களும் உண்டு.

எங்கள் பெண் 2013-ல் பிறந்தாள். வக்கீல் சொன்னபடி செய்திருந்தால், அதற்குள் அவள் தாய் விசாவோடு திரும்பியிருக்கலாம். பிறக்கும்போதே பிள்ளை இந்தியக் குடிமகளாக இருந்திருப்பாள். இதை டெல்லியின் கணக்கில் எழுத முடியாது.

மாமியார் 2017-ல் மன்னாரில் இறந்தார். கொட்டப்பட்டு முகாம் விமான நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. கொழும்பு விமானம் திருச்சியில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். இவள் செத்தவீட்டை வாட்ஸ்அப்பில் பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டிக்கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் அந்தத் தட்டிக்கொடுத்தல்தான்.

2022-ல் கொட்டப்பட்டு முகாம் பெண் ஒருவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அவர் 1986-ல் மண்டபத்தில் பிறந்தவர், 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் குடிமகள்தான் என்று தீர்ப்பு. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். "எனக்கும் ஏதும் வழி இருக்குமோ?" என்று இவள் கேட்டாள். "அவங்க இங்க பிறந்தவங்க, நீ அங்க பிறந்தவ" என்றேன். அதிலும் பொய்யில்லை. உண்மையை வைத்தே மறைப்பது எனக்கு அதற்குள் கைவந்திருந்தது.

கடைசியில் அவளுக்கு வழி சொன்னது முகாமில் கூட வளர்ந்த ஒருத்தி. அவள் புருஷனும் நம்மூர்க்காரர்தான். போய், பாஸ்போர்ட்டும் விசாவுமாக வந்துவிட்டாள். "இப்படி ஒரு வழி இருக்கிறது உங்களுக்குத் தெரியுமோ?" என்று இவள் என்னைக் கேட்டாள். தெரியாது என்றேன். ஆக, ஒரே பொய்யை இரண்டு தடவை, இரண்டாவது தடவை நன்றாகத் தெரிந்தே. நாலைந்து நாள் கழித்துத்தான், சோறு போட்டுக்கொண்டிருந்தவளிடம், 2010-லேயே தெரியும் என்றேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "அம்மா உயிரோட இருக்கேக்கையே" என்றாள். அதற்கு மேல் என்னிடம் பேச்சில்லை, தன் அண்ணனைக் கூப்பிட்டுப் பேசினாள்.

இப்போது அந்த வழியும் அவ்வளவு சுத்தமாக இல்லை. 2025-ல், அப்படித் திரும்பிப்போன ஒரு முதியவரை, பல வருஷம் முன்பு முறையான துறைமுகம் வழியாக வெளியேறவில்லை என்று பலாலி விமான நிலையத்தில் பிடித்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் இங்கே ஒரு உத்தரவு வந்தது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை இல்லை. வழக்கு வராது, அவ்வளவுதான், அதனால் குடியுரிமை வந்துவிடாது. அன்று நான் சும்மா சொன்ன 'வழியில்லை', நான் கடத்திய வருஷங்களில் பாதி நிஜமாகிவிட்டது.

கல்யாணத்தைப் பதிந்துவிட்டோம். பாஸ்போர்ட் மனுவை அவளும் அவள் அண்ணனும் எழுதினார்கள். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: விசாவுக்குக் கணவன் கொடுக்க வேண்டிய கடிதம். தேதி போடாமல் கையெழுத்து மட்டும் போட்டுத் தரச் சொன்னாள். எப்போது போவது, திரும்பி வருவதா வேண்டாமா என்பதையெல்லாம் அவள் பிறகு பார்த்துக்கொள்வாளாம். மூன்று தாளில் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதத் தணிக்கைக்கு பஸ்ஸிலேயே போய்க்கொள்வதாகவும் சொல்லிவிட்டாள்.