பத்துப் புள்ளியும் ஒரு தொலைபேசி அழைப்பும்

பல்கலைக்கழக அநுமதி என்றதும் பரீட்சை மண்டபமும் பெறுபேற்றுப் பட்டியலுமே பலர்க்கு நினைவில் எழும். ஐக்கிய அமெரிக்காவில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிலும் சிறுமியர்க்கோ அவ்வாயில் வேறொரு பக்கமாகவும் திறக்கின்றது. பத்துச் சென்ரிமீற்றர் அகலமுள்ள தண்டொன்றின் மீது பின்புறமாகக் கரணமிட்டுத் தடுமாறாது நிற்கும் ஆற்றல், நான்காண்டுப் படிப்புச் செலவையும் விடுதிச் செலவையும் ஈட்டித் தரலாம். இதனைப் பேறு என்று மட்டும் கூறி அமைதல் எளிது. அப்பேற்றினை அடைதற்குப் பதினாறு வயதுப் பிள்ளையொருத்தி எத்தகைய சந்தையினூடே நடந்து செல்ல வேண்டியுள்ளது என்பதே இங்கு நோக்கத்தக்கது.

இச்சந்தைக்கு வித்திட்டது ஒரு சட்டம். அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் என்ற வேற்றுமை காட்டலாகாது என 1972இல் இயற்றப்பட்ட ‘ஒன்பதாம் தலைப்பு’, நாளடைவில் பெண்களின் விளையாட்டுக்கும் பல்கலைக்கழகங்கள் பணம் ஒதுக்கும் நிலையை உண்டாக்கிற்று. தேசியப் பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கான முதலாவது ஜிம்னாஸ்டிக்ஸ் சம்பியன் போட்டியை 1982இல் நடத்தியது. யூற்றா பல்கலைக்கழகம் அதில் வென்றது. முதற்பிரிவு அணி ஒவ்வொன்றும் பன்னிரண்டு முழுப் புலமைப்பரிசில்களை வழங்கலாம் என்னும் வரையறை 2025 வரை நிலவியது. நான்கு ஆண்டுகளின் மாணவியரும் அப்பன்னிரண்டினுள் அடங்குவர் ஆதலின், ஓர் அணியில் ஆண்டுதோறும் வெறுமையாகும் இடம் மூன்றோ நான்கோதான். ஆண்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. முதற்பிரிவில் அவர்களுக்கு எஞ்சியுள்ள அணிகள் ஒரு டசினளவே.

சர்வதேச அரங்கு 2006இல் பத்துப் புள்ளி முறையைக் கைவிட்டது. பல்கலைக்கழக அரங்கு கைவிடவில்லை. அங்கு ஒவ்வொரு கருவியிலும் அறுவர் இறங்குவர். ஐவரின் புள்ளிகள் கணக்கில் எடுக்கப்படும். எனவே பயிற்றுநர் தேடுவது வியத்தகு சாகசம் புரிபவளையன்று. வாரந்தோறும் பிழையின்றிச் செய்து, தரையில் இறங்கி, அசையாது நிற்பவளையே. இதற்கு மேல் அணியின் தேவை என்றொன்றும் உண்டு. சலாகையில் வல்ல மூவர் அடுத்த ஆண்டு பட்டம் பெற்று வெளியேறுவராயின் சலாகையில் வல்லவளே வேண்டப்படுவாள். தரைப்பயிற்சியில் சிறந்தவள் எத்துணைத் திறமை உடையவளாயினும் காத்திருப்பாள். தாவுமேசையில் ‘யூர்ச்செங்கோ’ எனப்படும் தாவலை ஒரு முழுச் சுழற்சியுடன் செய்வோர்க்கு, 2016ஆம் ஆண்டுப் போட்டிப் பருவம் முதல் மதிப்பீடு 9.95இலிருந்தே தொடங்குகின்றது, ஒன்றரைச் சுழற்சியாயின் பத்திலிருந்து. அந்த அரைச் சுழற்சிக்காகக் கணுக்காலைப் பணயம் வைக்கும் சிறுமியர் பலர்.

ஒரு காலத்தில் இத்தேடல் நாணத்தக்க அளவுக்கு முந்தி நிகழ்ந்தது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், எந்தப் பாடத்தைக் கற்க விரும்புகின்றனர் என்பதைத் தாமே அறியுமுன்னர், இன்ன பல்கலைக்கழகத்துக்குச் செல்வதாக வாய்மொழி அளித்தனர். வாய்மொழியோ எத்தரப்பினரையும் பிணிப்பதன்று. பிள்ளை வளர்ந்து உயரங்கூடித் திறன் குன்றினால், பயிற்றுநர் பின்வாங்குவதற்குத் தடை இருக்கவில்லை. 2019இல் விதி மாறியது. பத்தாம் வகுப்பு முடிந்த பின் வரும் யூன் 15ஆம் திகதிக்கு முன் பயிற்றுநர் மாணவியுடன் பேசலாகாது. பல்கலைக்கழகத்தின் அழைப்பின் பேரில் சென்று பார்வையிடுதலும் ஓகஸ்ட் முதலாந் திகதிக்குப் பின்னரே. நல்ல விதி எனலாம். ஆயினும் அதற்கு முன்னரே சிறுமி மின்னஞ்சல் எழுதுகின்றாள். தன் பயிற்சிகளை வீடியோவாக்கி அனுப்புகின்றாள். போட்டிப் புள்ளிகளை வரிசைப்படுத்துகின்றாள். அவையெல்லாம் கிணற்றிலிட்ட கற்களாகவே கிடக்கும். பயிற்றுநர் பார்த்தாரா என்பதும் தெரியாது. பின்னர் யூன் 15 பிறக்கும் நள்ளிரவிலேயே சிலருக்குத் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கும். சிலருக்கு விடிந்தும் ஒலிப்பதில்லை.

இவ்வழைப்பிலேதான் உண்மையான சோதனை அமைந்துள்ளது. ஆறேழு வயதில் தனியார் பயிற்சிக் கழகமொன்றிற் சேர்ந்து, வாரத்துக்கு இருபது மணிநேரமும் அதற்கு மேலும் பயின்றவள் இச்சிறுமி. (பல்கலைக்கழகத்திலோ இருபது மணிநேரமே உச்சவரம்பு, குழந்தைக்கு இல்லாத காப்பு வளர்ந்தவளுக்கு உண்டு!) சொன்னதைச் செய்தல், வலியை மறைத்தல், மறுமொழி கூறாதிருத்தல் ஆகியவையே நற்பண்புகள் எனப் பல கழகங்களில் அவளுக்குப் புகட்டப்பட்டன. அப்பண்பு எங்கே கொண்டுசென்று விட்டது என்பதை உலகம் கண்டது. 2018 ஜனவரியில் மிச்சிகன் மாநில நீதிமன்றமொன்றில், தேசிய அணியின் முன்னாள் வைத்தியர் தமக்கு இழைத்த கொடுமையை நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் எடுத்துரைத்தனர். பேசாதிருக்கப் பழக்கப்பட்ட அதே தலைமுறையின் தங்கையர்தாம் இப்போது தொலைபேசியைக் கையிலெடுத்து, முன்பின் அறியாத பெரியவர் ஒருவருடன் தம் எதிர்காலத்தைப் பேரம்பேச வேண்டியவராகின்றனர்.

அவள் கேட்க வேண்டியவை பல. புலமைப்பரிசில் முழுமையானதா? ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுமா? முழங்கால் முறிந்தால் என்னாகும்? ஆய்வுகூட வகுப்பும் பயிற்சியும் ஒரே வேளையில் வந்தால் எது விட்டுக்கொடுக்கும்? பயிற்றுநர் வேறிடம் சென்றுவிட்டால்? இவற்றுள் எதனையும் கேளாது, “நன்றி, மிக்க மகிழ்ச்சி” என்று மட்டும் கூறி முடிக்கும் பிள்ளைகளே மிகுதி. பெற்றோர் அருகிருந்து கேள்விகளை எழுதி நீட்டுவதும் உண்டு. எனினும் தன் பழைய காயத்தைத் தானே எடுத்துக்கூறி, அதன் பின்னும் தன்னை ஏற்பரோ என்று கேட்கும் துணிவு, இரட்டைக் கரணத்துக்கு வேண்டிய துணிவினும் அரியது. புள்ளியைப் பார்த்து வந்த அழைப்பா, தன்னைப் பார்த்து வந்த அழைப்பா என்பதை அக்கேள்விக்குக் கிடைக்கும் பதிலே அவளுக்குக் காட்டும். யேல், பிரவுண், கோர்னெல், பென்சில்வேனியா ஆகியவற்றுக்குச் செல்வோர் நிலை வேறு. அங்கு விளையாட்டுக்கெனப் புலமைப்பரிசில் கிடையாது.

பணத்தின் கதையும் மாறிவிட்டது. 2021 யூலை வரை, தன் பெயரைக் கொண்டு விளம்பரப் பணம் பெறுபவள் பல்கலைக்கழக அணியில் ஆடும் தகுதியை இழந்தாள். சிமோன் பைல்ஸ் 2015இல், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் தமக்கெனக் காத்திருந்த இடத்தைத் துறந்தே தொழில்முறை வீராங்கனையானார். விதி தளர்ந்த 2021இல் டோக்கியோவிலே தனிநபர் பல்கருவிப் போட்டியில் தங்கம் வென்ற சுனிசா லீயோ, அப்பணத்தையும் இழவாது ஓபர்ன் பல்கலைக்கழக அணியிற் சேர்ந்தார்.

2025 யூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட இணக்கத்தீர்வு, அதற்கு உடன்பட்ட பல்கலைக்கழகங்களில் பன்னிரண்டு என்னும் வரம்பை நீக்கிற்று. அணியில் இருபதின்மர் இருக்கலாம்; இருபதின்மருக்கும் புலமைப்பரிசில் அளிக்கலாம். அளிக்கலாம் என்பது வேறு, அளிப்பர் என்பது வேறு. முன்னர் இருபதுக்கு மேற்பட்டோரைக் கொண்ட அணிகளும் இருந்தன. புலமைப்பரிசில் இன்றித் தம் செலவிலேயே கற்று, போட்டி நாட்களில் ஓரத்தில் நின்று கைதட்டி, மூன்றாம் ஆண்டில் ஒருநாள் தண்டின் மீது ஏறும் வாய்ப்புப் பெற்ற பெண்கள் அவற்றில் இருந்தனர். இருபத்தோராவது இடத்துக்கு இன்று எழுதும் சிறுமிக்கு வரும் பதில் பெரும்பாலும் இரண்டு வரிகளில் முடிந்துவிடுகின்றது.