கேளாமல் செய்கிறவர்

நல்ல நண்பனுக்கு உரிய குணங்கள் யாவை என்று யாரைக் கேட்டாலும், அவர் சற்றும் யோசியாமல் ஒரு ஜாபிதாவை ஒப்பித்துவிடுவார். உண்மை பேச வேண்டும். ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டும். கஷ்ட காலத்தில் கைகொடுக்க வேண்டும். நம்முடைய மேன்மையைக் கண்டு அசூயை கொள்ளக் கூடாது. பெண்ணுக்கு வரன் தேடுகிறவர் பத்துப் பொருத்தமும் பார்ப்பதுபோல ஸ்நேகத்துக்கும் பொருத்தம் பார்ப்பதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு எவரும் எவரோடும் ஸ்நேகமானதாக நான் அறியேன். நமக்கு வாய்த்த ஆப்தர்களை எண்ணிப் பார்த்தால், அவர்களில் பாதிப் பேர் இந்தப் பரீட்சையில் தேற மாட்டார்கள். ரகசியத்தை ஒரு நாழிகைகூட மனத்தில் தாங்க மாட்டாதவனும், இரவல் வாங்கிய புஸ்தகத்தைத் திருப்பித் தரும் வழக்கமே இல்லாதவனும் நம் நெஞ்சுக்கு மிக நெருங்கியவர்களாக இருக்கிறார்கள். சகல குணங்களும் நிரம்பிய உத்தமர்கள் சிலரோ, எத்தனை வருஷம் பழகினாலும் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்து, கொடுத்த காபியைக் குடித்து, உபசார வார்த்தை இரண்டு சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

திருவள்ளுவர் இந்த விஷயத்துக்கு 79-ஆம் அதிகாரம் தொடங்கி 83-ஆம் அதிகாரம் வரையில் 50 குறள்களை ஒதுக்கியிருக்கிறார். அவற்றுள் முதல் அதிகாரத்தைத்தான் மேடைப் பிரசங்கிகள் பெரும்பாலும் எடுத்தாளுகிறார்கள். எனக்கு விசேஷமாகத் தோன்றுவது ‘பழைமை’ என்னும் 81-ஆம் அதிகாரம். ஆராய்ந்து பாராமல் நட்புக் கொள்வதைப் போன்ற கேடு வேறு இல்லை என்று முந்தின அதிகாரத்தில் அவ்வளவு கண்டிப்பாகப் பேசிய அதே புலவர், இங்கே வந்தவுடன், நெடுநாள் பழகிய நண்பன் நம்மை ஒரு வார்த்தை கேளாமலே ஒரு காரியத்தைச் செய்துவிட்டால் அதை நாமே செய்ததாகப் பாவித்து ஏற்க வேண்டும் என்றும், அவன் செய்தது நமக்கு வருத்தம் தருவதாயிருந்தால் அறியாமையால் செய்தான் என்றோ, உரிமை மிகுதியால் செய்தான் என்றோ கொள்ள வேண்டும் என்றும் சொல்லுகிறார். ஜாபிதாவில் உள்ள குணங்கள் எல்லாம் நண்பன் நமக்கு என்ன செய்வான் என்பதைப் பற்றியவை. இந்த அதிகாரமோ, அவன் நம்மிடம் எவ்வளவு உரிமை எடுத்துக்கொள்ளும்படி நாம் விட்டிருக்கிறோம் என்று நம்மையே திருப்பிக் கேட்கிறது.

இதற்கு உதாரணம் தேடி நான் தூரத்துக்குப் போவதில்லை. உ. வே. சாமிநாதையர் தம் கடைசிக் காலத்தில், 1940 முதல், ஆனந்த விகடனில் எழுதிவந்த ‘என் சரித்திரம்’ ஏட்டுச் சுவடிகளின் கதை என்று பெயர் வாங்கிவிட்டது. அது ஸ்நேகங்களின் கதையும்கூட. கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியார், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஐயருக்கு முன்னால் பாடம் கேட்டவர். எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடும் சுபாவம் உள்ளவர். 1880-இல் அவர் வேலையிலிருந்து விலக நேர்ந்தபோது, அந்த ஸ்தானத்துக்குச் சாமிநாதையரே வர வேண்டும் என்று நிச்சயித்துக்கொண்டார். ஐயர் அப்போது திருவாவடுதுறை மடத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் மாணாக்கர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்தவர். கல்லூரி உத்தியோகத்துக்கு அவர் முயன்றவரும் அல்லர். அப்படியிருக்க, செட்டியார் தாமே மடத்துக்கு வந்து, பிரிய மனமில்லாத தேசிகரிடம் மன்றாடி, சம்மதத்தையும் பெற்று, மடத்தின் வித்துவானைக் கல்லூரிப் பண்டிதராக்கிவிட்டார். இந்தக் காலத்து நாகரிகத்தின்படி பார்த்தால் இது அநாவசியத் தலையீடு. ஆனால் அந்தத் தலையீடு நேராமல் இருந்திருந்தால் ஐயர் கும்பகோணத்துக்கு வந்திருக்க மாட்டார். அங்கே முன்சீபாக வந்து சேர்ந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அந்த வருஷமே சந்தித்தும் இருக்க மாட்டார்.

அந்தச் சந்திப்பு தமிழ் உலகம் நன்றாக அறிந்ததுதான். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் ஐயர் வரிசையாகச் சொல்லிக்கொண்டுபோக, முதலியார் சிறிதும் வியப்புக் கொள்ளாமல், இவற்றால் என்ன பிரயோஜனம் என்ற தோரணையில் கேட்டுவிட்டு, சிந்தாமணியைப் படித்ததுண்டா, சிலப்பதிகாரத்தைப் படித்ததுண்டா என்று விசாரித்தார். பெரிய வித்துவானிடம் படித்தவர், கல்லூரிப் பண்டிதர். அவருக்கு இது எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்! குறை சொல்லுகிறவர்கள் எல்லாரும் ஸ்நேகிதர்கள் அல்லர். முதலியாரும் அன்று ஸ்நேகிதராகப் பேசவில்லை. ஆனால் குறையைச் சொன்ன அவரே சிந்தாமணிப் பிரதி ஒன்றையும் கொடுத்து, தாமே கேட்பவராக உட்கார்ந்து, ஐயரை வாசிக்கச் செய்தார். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது அதன் பயன். முதல் நாளே முகஸ்துதி செய்து அனுப்பியிருந்தால் இருவருக்கும் அன்றைய மாலை சந்தோஷமாகக் கழிந்திருக்கும். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

எனக்கும் ஒரு நண்பர் உண்டு, பெயர் எதற்கு? கொல்லைப்புறமாக வருவார், வந்தவுடன் சமையலறையில் இன்றைக்கு என்ன குழம்பு என்று விசாரிப்பார், என் மேஜைமேல் எழுதி வைத்திருக்கும் கட்டுரையை எடுத்துப் படித்து, தமக்குப் பிடிக்காத வாக்கியங்களைப் பென்சிலால் அடித்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் ஊர்க் கதையை ஆரம்பிப்பார். அவர் அடித்தவற்றில் சிலவற்றை நான் மறுபடியும் எழுதிக்கொள்வதுண்டு. அதையும் அவர் கவனித்துவிட்டு, அடுத்த தடவை மறுபடியும் அடிப்பார். இவரைப் பற்றி யாராவது என்னிடம் வந்து, “இவ்வளவு இடம் கொடுக்கலாமா?” என்று கேட்டால், எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

ஆனால் ஒன்று. “உரிமையோடு சொல்கிறேன்” என்று பீடிகை போட்டுக்கொண்டு அவமதிக்கிறவர்களுக்கு நாட்டில் பஞ்சம் இல்லை. அவர்களைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம் இல்லை. அதே உரிமையை நாம் அவர்களிடம் ஒரு தரம் எடுத்துப் பார்த்தால் போதும், முகம் சிறுத்துவிடும். என் நண்பரின் வீட்டு அலமாரியில் எனக்கு வேண்டிய புஸ்தகத்தை, அவர் ஊரில் இல்லாதபோதுகூட, நான் கேளாமல் எடுத்துவந்திருக்கிறேன். அவர் திரும்பி வந்ததும், அந்த நூலின் இரண்டாம் பாகத்தையும் கொண்டுவந்து போட்டார்.

உ. வே. சா. 1894-இல் பதிப்பித்த புறநானூற்றில், கோப்பெருஞ்சோழன் உறையூரை விட்டு நீங்கி வடக்கிருந்த சரித்திரம் வருகிறது. பாண்டிய நாட்டில் இருந்த பிசிராந்தையார் அவனை ஒரு தடவையும் பார்த்தவர் அல்லர். என்றாலும் அவர் நிச்சயம் வருவார், அவருக்கு ஓர் இடம் ஒழித்து வையுங்கள் என்று அரசன் சொன்னான். தம் பெயரைச் சொல்ல வேண்டிய சமயத்தில்கூட அவர் சோழனுடைய பெயரையே தம் பெயராகச் சொல்லிக்கொள்ளுகிறவர் என்றும் சொன்னான். அவ்வாறே அவர் வந்தார். காணாமலே வளர்ந்த அந்த நட்பை எல்லாரும் கொண்டாடுகிறார்கள், கொண்டாடட்டும். எனக்கு அதைவிட நெருக்கமாகத் தோன்றுகிறவர் பொத்தியார். அவர் கூடவே இருந்து பழகியவர். அரசனோடு தாமும் வடக்கிருந்து உயிர் விடத் துணிந்தவர். அவரை அரசன் தடுத்துவிட்டான். “உன் மனைவி கருவுற்றிருக்கிறாள், மகன் பிறந்த பிறகு வா” என்று திருப்பி அனுப்பினான். வராத ஒருவருக்கு இடம் போட்டு வைக்கச் சொன்னவன், எதிரில் வந்து நின்றவரைப் போ என்கிறான்! வேறு யாராக இருந்தாலும் மனம் முறிந்திருக்கும். பொத்தியார் போனார், மகன் பிறந்த பின் திரும்பி வந்தார். அதற்குள் நடுகல்லாகிவிட்ட அரசனைப் பார்த்து, எனக்கு உரிய இடம் எது என்று கேட்டார். அந்தக் கேள்வியில் துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் எனக்கென்னவோ, சொன்ன சொல்லை நீ இப்போது காப்பாற்றியாக வேண்டும் என்று பழைய நண்பனிடம் அவர் செய்யும் அதிகாரந்தான் அதில் ஓங்கிக் கேட்கிறது.